பழைய பைப்பர் ஜே-3க்கு டேங்க் மூடி: எது மூச்சு விடுது, எது விடல

மொதல்ல நடந்ததை சொல்லிடறேன், அப்பதான் ஒரு மூடிக்கு இவ்ளோ பெரிய ரிவ்யூ ஏன்னு புரியும். எங்களோடது 1946ல செஞ்ச பைப்பர் ஜே-3ங்கிற ரெண்டு சீட்டு சின்ன விமானம், மஞ்சள் கலர், மூணு பேர் சேர்ந்து வாங்கினது, பென்சில்வேனியாவுல ஒரு புல் ரன்வே பக்கத்துல ஹேங்கர்ல நிக்குது. போன குளிர்காலத்துல மூக்குப்பகுதி கவுலிங் (இன்ஜினை மூடுற தகடு) எல்லாம் கழட்டி பெயின்ட் அடிக்க கொடுத்தோம், வந்தப்ப அப்படி ஒரு அழகு, டேங்க் மூடியையும் சேர்த்து பளபளன்னு அடிச்சு கொடுத்திருந்தாங்க. எல்லாம் மாட்டி, டேங்க்ல வாய் வரைக்கும் அவ்கேஸ் (விமான பெட்ரோல், டேங்க் எண்ணெய்னு நான் சொல்றது இதைத்தான்) ஊத்தி, வால்பக்கத்தை கயித்துல கட்டிட்டு, கையால ப்ரொப்பல்லர் சுத்தி ஸ்டார்ட் பண்ணோம் (இதுல ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரியே கிடையாது). சூடாகுற வரைக்கும் ஐடில்ல நல்லா ஓடுச்சு. ஃபுல் த்ராட்டில் கொடுத்து பார்த்தோம், அரை நிமிஷம் இருக்கும், இருமுச்சு, திரும்ப இருமுச்சு, நின்னுடுச்சு.

மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்சாரம் கொடுக்குறது), பிளக், கார்புரேட்டர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தோம். எங்ககூட பங்கு வச்சிருக்கிற திருச்சிக்காரர் ஒருத்தர், எனக்கு அண்ணன் வயசு, அவர் மட்டும் பேசாம போய் டேங்க் மூடியை மெதுவா திருப்பினார். "உஸ்ஸ்ஸ்"னு காத்து உள்ள இழுத்துச்சு, நாலடி தள்ளி நின்ன எனக்கே கேட்டுச்சு. "தம்பி, இது இன்ஜின் கோளாறு இல்ல, டேங்குக்கு மூச்சு முட்டுது"ன்னார். மூடியை லூசா வச்சிட்டு மறுபடி ஓட்டினோம், ஃபுல் த்ராட்டில்ல சும்மா சீறிக்கிட்டு ஓடுச்சு.

அந்த அரை நிமிஷத்தை நினைச்சா இன்னும் வயித்த பெசயுது. கயிறு கட்டாம நேரா டேக்ஆஃப் பண்ணியிருந்தா ரன்வே முடியுற இடத்துல இருக்கிற மரத்துக்கு மேல இருந்திருப்போம்.

காரணம் என்னன்னா, எங்க மூடியில நடுவுல ஒரு சின்ன குழாய், அதுக்குள்ள ஒரு கம்பி மேலயும் கீழயும் போகும். கம்பிக்கு அடியில தக்கை மிதக்கும். ஜே-3ல ஃப்யூல் கேஜே இதுதான், விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி கம்பி எவ்ளோ உயரம் நிக்குதோ அவ்ளோ எண்ணெய், கம்பி இறங்கி மூடியில உக்காரப் போகுதுன்னா இறங்க வேண்டிய நேரம் எப்பவோ வந்தாச்சு. அந்த கம்பிக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கிற மயிரிழை இடைவெளி வழியாதான் டேங்குக்கு காத்தும் போகுது. பெயின்ட் அடிச்சவங்க கம்பியை உருவாமலே அடிச்சிருக்காங்க, வழிஞ்ச பெயின்ட் அந்த இடைவெளில காஞ்சு ஒட்டிக்கிச்சு. கேஜும் போச்சு, மூச்சும் போச்சு. எண்ணெய் குறையுது, கம்பி மட்டும் அசையாம நிக்குது, அதையே நாங்க அடையாளமா எடுத்திருக்கணும்.

இதுல இருக்கிற விஷயம் ரொம்ப சாதாரணம், நம்ம வீட்ல எல்லாரும் பாத்ததுதான். எண்ணெய் டின்ல ஒரு ஓட்டை மட்டும் போட்டா "களக் களக்"னு விட்டு விட்டு வரும், அம்மா எதிர்மூலையில இன்னொரு ஓட்டை குத்துவாங்க, அப்புறம் சீரா ஊத்தும். ஜே-3ல பம்ப் கிடையாது, விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி இருக்கிற 12 கேலன் டேங்க்ல இருந்து கீழ இருக்கிற கார்புரேட்டருக்கு எண்ணெய் தன் எடையாலயே இறங்கணும், அவ்ளோதான் சிஸ்டம். மூடிதான் அந்த ரெண்டாவது ஓட்டை.

நான் அன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒரு தோராயக் கணக்கு போட்டேன். எண்ணெய் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் உயர வித்தியாசம் அரை மீட்டர்னு வச்சுக்கோங்க. அவ்கேஸ் லிட்டருக்கு சுமார் 0.72 கிலோ, அப்ப அந்த அரை மீட்டர் கொடுக்குற அழுத்தம் வெளிக்காத்து அழுத்தத்துல வெறும் மூணரை சதவீதம். அதாவது டேங்குக்குள்ள காத்தோட அழுத்தம் மூணரை சதவீதம் இறங்கினா போதும், எண்ணெய் நின்னுடும். டேங்க் ஃபுல்லா இருந்து மேல ரெண்டு லிட்டர் அளவு காத்து மட்டும் இருந்தா, 70 மில்லி எண்ணெய் வெளிய போனதுமே அந்த நிலை வந்துடும். 65 குதிரைத்திறன் கான்டினென்டல் ஏ-65 ஃபுல் த்ராட்டில்ல மணிக்கு கிட்டத்தட்ட 6 கேலன் குடிக்கும், செகண்டுக்கு ஆறு மில்லிக்கு மேல. 70 மில்லிக்கு பதினோரு செகண்ட்! அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்துல மிச்சம் இருக்கிறது கொஞ்ச நேரம் தாங்கும். அதே டேங்க் பாதி காலியா, 20 லிட்டர் காத்தோட இருந்தா கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் தாங்கும். பெட்ரோல் ஆவி, கேஸ்கெட் கசிவு எல்லாம் சேர்த்தா நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா திசை இதுதான், டேங்க் எவ்ளோ ஃபுல்லோ அவ்ளோ சீக்கிரம் மூச்சு முட்டும். பாதி டேங்க்ல ஒரு நிமிஷம் ஓட்டி பாத்துட்டு "எல்லாம் ஓகே"ன்னு ஃபுல் டேங்க் அடிச்சு கிளம்புறவங்களுக்கு இது எவ்ளோ ஆபத்துன்னு யோசிச்சு பாருங்க.

சரி, மூடிகளுக்கு வரேன்.

பழைய மூடியை தூக்கிப்போட மனசு வரல, அதனால முதல்ல அதையே சுத்தம் பண்ணி பார்த்தோம். பெயின்ட் ரிமூவர்ல ஊற வச்சு, கம்பியை உருவி, குழாயை பிரஷ் விட்டு தேய்ச்சு எடுத்ததும் காத்து நல்லா போச்சு. ஆனா எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல கம்பி ஏறி இறங்கினதுல குழாய் ஒருபக்கமா தேஞ்சு முட்டை வடிவமா ஆகியிருக்கு, கம்பியும் லேசா வளைஞ்சிருக்கு, சில இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. தக்கையோட மேல்பூச்சு உதிர ஆரம்பிச்சிருந்துச்சு. தக்கை வச்சிருக்கிறவங்க இதை கவனிங்க, எத்தனால் கலந்த கார் பெட்ரோல் பட்டா அந்த பழைய ஷெல்லாக் பூச்சு கரைஞ்சு வந்துடும், தக்கை எண்ணெய் குடிச்சு அமுங்கும், கேஜ் தப்பு காட்டும், உதிர்ந்த துணுக்கெல்லாம் கீழ இருக்கிற வடிகட்டியில போய் அடைக்கும். காத்துக்கு 10க்கு 8 கொடுப்பேன், கேஜுக்கு 3. இப்ப அது ஹேங்கர் அலமாரியில இருக்கு, பறக்க இல்ல.

ரெண்டாவது மூடி ஒரு ஃப்ளை-இன் (விமானக்காரங்க பறந்து வந்து கூடுற கூட்டம்) சந்தையில வாங்கினது. பழைய பார்ட்ஸ் கொட்டி வச்சிருந்த மேஜையில இருந்து, "ஜே-3க்கு அப்படியே பொருந்தும்"னு சொல்லி கொடுத்தாங்க. பொருந்துச்சு, அதுல பொய் இல்ல. ஆனா அது பழைய டிராக்டரோ காரோ எதுக்கோ செஞ்ச மூடி, யாரோ நடுமண்டையில டிரில் போட்டு ஒரு ஓட்டை விட்டிருக்காங்க. தயவுசெஞ்சு இந்த மாதிரி மூடி பக்கம் போகாதீங்க. முதல் விஷயம், கம்பி கிடையாது, அப்ப ப்ளேன்ல கேஜே கிடையாது. ரெண்டாவது, நேரா குத்தின ஓட்டை, உள்ள தடுப்பு எதுவும் இல்ல, மழை பெஞ்சா தண்ணி நேரா டேங்க்ல இறங்கும், ஃபுல் டேங்க்ல குலுங்கினா எண்ணெய் அதே ஓட்டை வழியா பீச்சி விண்ட்ஷீல்டு மேல அடிக்கும், ஜே-3ல மூடி சரியா கண்ணுக்கு நேர இருக்கிறதால பாதை மறைஞ்சிடும். மூணாவது பேப்பர். அமெரிக்காவுல டைப் சர்டிபிகேட் (ஒரு மாடலோட டிசைனுக்கு அரசு கொடுக்குற அனுமதி) உள்ள விமானத்துல (ஜே-3யோடது ஏ-691) மாத்துற பார்ட் ஒரிஜினலா இருக்கணும், இல்ல எஃப்ஏஏவோட (அமெரிக்க விமானத்துறை அமைப்பு) பிஎம்ஏ, அதாவது பார்ட் செஞ்சு விக்கிற அனுமதி இருக்கணும், இல்ல ஓனர் முறைப்படி தானே செஞ்ச பார்ட்டா இருக்கணும், விதி 21.9ல இதுக்கு வழி வச்சிருக்காங்க. யாரோ எப்பவோ டிரில் போட்ட டிராக்டர் மூடி இது எதுலயும் சேராது. எங்க மெக்கானிக் பெரியவர், எழுபது தாண்டினவர், கையில வாங்கி ஒரு தடவை திருப்பி பாத்துட்டு திருப்பி கொடுத்துட்டார், லாக்புக்ல கையெழுத்து போட மாட்டேன்னுட்டார். கொடுத்த காசு போச்சு. 10க்கு பூஜ்யம்.

மூணாவதா வாங்கினதுதான் இப்ப ப்ளேன்ல இருக்கு. புதுசு, பிஎம்ஏ முத்திரையோட வந்தது, டேக்ல பார்ட் நம்பரும் எந்தெந்த மாடலுக்கு செல்லும்னும் அச்சடிச்சிருக்கு, அதுல எங்க மாடலான ஜே3சி-65 இருக்கான்னு பாத்துட்டுதான் கவரை பிரிச்சேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டாங்க. இதுலயும் கம்பிதான், ஆனா தக்கைக்கு பதிலா எண்ணெய் குடிக்காத செயற்கை மிதவை. குழாய் வட்டமா, கம்பி நேரா, விரலால தூக்கி விட்டா தானா வழுக்கி இறங்குது. கூட வந்த கேஸ்கெட் நைட்ரைல் ரப்பர். குறைன்னு சொன்னா ரெண்டு. ஒண்ணு, கம்பியோட நீளம் எங்க டேங்குக்கு சரியா அமையல, டேங்க்ல கேலன் கேலனா ஊத்தி கம்பியில குறி வச்சு நாங்களே அளவு எடுக்க வேண்டி இருந்துச்சு, அதுக்கே ஒரு சனிக்கிழமை போச்சு (இதை எந்த மூடி வாங்கினாலும் பண்ணித்தான் ஆகணும், பழைய கம்பியோட கணக்கை புதுசுக்கு நம்பாதீங்க). இன்னொண்ணு விலை, இத்தனூண்டு உலோகத்துக்கு இவ்ளோவான்னு தோணும். ஆனா நீங்க காசு கொடுக்கிறது உலோகத்துக்கு இல்ல, அந்த மயிரிழை இடைவெளி ஒவ்வொரு மூடியிலயும் ஒரே மாதிரி இருக்கும்ங்கிற உறுதிக்கு. 10க்கு 9.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், ஜே-3 இல்லாதவங்களுக்கு. எங்க மூடி நல்லா இருக்கேன்னு அதே மாதிரி வெறும் ஓட்டை மூடியை ரெக்கை டேங்க்ல போடாதீங்க. மூடி எங்க உக்காருதுன்றதுதான் எல்லாம். ஜே-3ல மூடி விண்ட்ஷீல்டுக்கு அடியில இருக்கு, காத்து வந்து முட்டி அழுத்தம் கூடுற இடம், அது நமக்கு உதவிதான். ரெக்கையோட மேல்பக்கம் அப்படியே தலைகீழ், அங்க காத்து மேல இழுக்கும், அந்த இழுவைதான ரெக்கையையே தூக்குது! அந்த இடத்துல வெறும் ஓட்டை வச்சா டேங்க்ல இருந்து காத்தை வெளிய உறிஞ்சும்.

எவ்ளோ உறிஞ்சும்னு பாக்கலாம். மணிக்கு 90 மைல் வேகத்துல எதிர்க்காத்து அழுத்தத்தை அவ்கேஸ் உயரமா மாத்தினா சுமார் 14 சென்டிமீட்டர் வருது. மேல்பக்க உறிஞ்சலும் அதே அளவுன்னு வச்சா, வெறும் ஓட்டை மூடி 14 செ.மீ உயரத்தை பிடுங்கிக்கும். அதுக்கு பதிலா மூடி மேல ஒரு சின்ன குழாய் வளைஞ்சு முன்பக்கம் பாத்து நின்னா அதே 14 செ.மீ நமக்கு கூடுதலா கிடைக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் 28 செ.மீ. தன் எடையாலயே எண்ணெய் இறங்குற சிஸ்டத்துல, அதுவும் டேங்க் கிட்டத்தட்ட காலியா மூக்கை தூக்கிட்டு ஏறும்போது, இது சின்ன விஷயமே இல்ல.

பக்கத்து ஹேங்கர் நண்பரோட பிஏ-18 சூப்பர் கப் விமானத்துல இந்த குழாய் வச்ச மூடிதான், ரெண்டு ரெக்கையிலயும் ஒவ்வொண்ணு. கையில வாங்கி நல்லா பார்த்தேன், திடமான வேலைப்பாடு, குழாய் வாய் சரியா முன்னாடி பாத்து நிக்குது. இந்த ரகத்துல கவனிக்க வேண்டியது, மூடியை பின்பக்கமா திருப்பி மாட்ட முடியுமான்னு. முடியும்னா யாராவது ஒருநாள் மாட்டுவாங்க, பெட்ரோல் போடுற பையன் தெரியாம மாட்டுவான், அப்ப குழாய் வாய் பின்னாடி பாக்கும், உதவி பண்ண வேண்டியதே உறிஞ்ச ஆரம்பிக்கும். நண்பர் மூடியிலயும் ரெக்கையிலயும் சிவப்பு கோடு போட்டு வச்சிருக்கார், ரெண்டும் சேர்ந்தாதான் சரி. நல்ல யோசனை. இன்னொண்ணு குளவி. வெய்யில் காலத்துல மண்குளவி ஒரு மதியத்துல அந்த குழாய்க்குள்ள கூடு கட்டிடும், பறக்குறதுக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறி குழாய் வாயை கண்ணால பாக்கணும், கீழ நின்னு பாத்தா தெரியாது.

செஸ்னா 172 மாதிரி ப்ளேன்களுக்கு கதை வேற. அதுல டேங்குக்கு காத்து விடுற வென்ட் குழாய் தனியா இடது ரெக்கைக்கு அடியில, ஸ்ட்ரட்டுக்கு (ரெக்கையை தாங்குற கம்பத்துக்கு) பின்னாடி இருக்கும், மூடியில இருக்கிற வென்ட் ஒரு ரெண்டாவது காவல். வென்ட் அடைச்சு எண்ணெய் நின்னுடக் கூடாதுன்னு 1979ல எஃப்ஏஏ 79-10-14ன்னு ஒரு ஏடி (கட்டாய பாதுகாப்பு உத்தரவு) போட்டு பல செஸ்னா மாடல்களுக்கு வென்ட் உள்ள மூடியை கட்டாயம் ஆக்கினாங்க. அந்த மூடிக்குள்ள குடை மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும், காத்தை உள்ள விடும், எண்ணெயை வெளிய விடாது. நல்ல டிசைன்தான், ஆனா ரப்பர் வயசானா விறைச்சு ஒட்டிக்கும், இல்ல ஓரம் சுருண்டு மழைத்தண்ணியை விடும், அதனால அது வென்ட் மூடின்னு பேர் இருந்தா மட்டும் போதாது, வால்வு திறக்குதான்னு பாக்கணும். பழைய 180, 182ல ரெக்கையோட சமமா பதிஞ்சிருக்கிற மூடிகள் தண்ணியை உள்ள விட்டு விட்டு "கொலைகார மூடி"ன்னே பேர் வாங்கினது, அதை வச்சிருக்கிறவங்க கொஞ்சம் உயர்ந்து நிக்கிற குடை ரக மூடிக்கு மாறிடறது நல்லது, மோனார்க் மூடின்னு கேட்டா பழைய செஸ்னாக்காரங்களுக்கு தெரியும்.

நம்ம ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளையிங் கிளப்கள்ல ஓடின, எச்ஏஎல் செஞ்ச புஷ்பக் விமானம், 1958ல முதல்ல பறந்தது, அமெரிக்க ஏரான்கா சீஃப் சாயல்ல வந்த குடும்பம்தான். யாராவது ஒண்ணை பழுது பார்த்து எழுப்புறீங்கன்னா பெயின்ட் கடைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மூடியை கழட்டி கையில வச்சுக்கோங்க.

கடைசியா டெஸ்ட் எப்படி பண்ணோம்னு சொல்லிடறேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். வாயால ஊதி பாக்காதீங்க, 100 எல்எல்ங்கிற அவ்கேஸ்ல ஈயம் இருக்கு. ரப்பர் ட்யூபும் காது கழுவுற பல்பும் போதும், காஞ்ச மூடி வழியா காத்து போகுதான்னு தெரிஞ்சிடும். ஆனா அது மூடிக்கு மட்டும் டெஸ்ட், சிஸ்டத்துக்கு இல்ல. சிஸ்டத்துக்கு, மெக்கானிக் கூட இருக்கும்போது கார்புரேட்டர் கிட்ட லைனை கழட்டி, எர்த் ஒயர் மாட்டி, ஒரு டப்பாவுல பிடிச்சு நேரம் பாக்கணும். எடையால இறங்குற சிஸ்டத்துக்கு டேக்ஆஃப் தேவையை விட ஒன்றரை மடங்கு ஓட்டம் வேணும், எங்களுக்கு 6 கேலன்னா 9 கேலன், அதாவது ஒரு லிட்டர் ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குள்ள நிறையணும். இதை எல்லாரும் ஆனுவல்ல (வருஷாந்திர சோதனையில) பண்றாங்க, ஆனா பாதி பேர் மூடியை கழட்டி பக்கத்துல வச்சிட்டு பண்றாங்க! எதை சோதிக்கணுமோ அதையே எடுத்து ஓரமா வச்சிட்டு சோதிக்கிறாங்க. நாங்க மூக்கு தூக்கி நிக்கிற நிலையில, மூணு கேலன் மட்டும் வச்சு, மூடி போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை பாத்தோம். புது மூடி போட்டு லிட்டருக்கு ஒரு நிமிஷம் அஞ்சு செகண்ட், போடாம அதுல ஒரு செகண்ட் கம்மி. அப்புறம் டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, மூடியை இறுக்கி, கயிறு கட்டி ஃபுல் த்ராட்டில் மூணு நிமிஷம். நிறுத்தினதும் திருச்சி அண்ணன் போய் மூடியை திருப்பினார், நாங்க ரெண்டு பேரும் காதை தீட்டிட்டு நின்னோம். ஒரு சத்தமும் இல்ல.

அதுக்கப்புறம் நாற்பது மணி நேரத்துக்கு மேல பறந்தாச்சு, கம்பி ஒழுங்கா இறங்குது, ஒரு நல்ல மழைக்கு அப்புறமும் டேங்க் அடியில இருந்து கொஞ்சம் வடிச்சு பார்த்தப்ப தண்ணி இல்ல. கேஸ்கெட் மட்டும் இன்னொண்ணு வாங்கி டூல் பெட்டியில போட்டிருக்கேன். உங்க ப்ளேன் மாடல், வருஷம், மூடி எந்த இடத்துல இருக்குன்னு எழுதுங்க, தெரிஞ்சதை சொல்றேன்.